நலன்புரிச் சீர்திருத்த ஆலோசகராக வர விரும்புவோருக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழி

'நலன்புரிச் சீர்திருத்த ஆலோசகர் தேவை' என்று வர்த்தமானியில் ஒருநாளும் அறிவித்தல் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிப்பை முடித்துவிட்டு என்னிடம் வருகிற தம்பி தங்கச்சிமார் எல்லாரும், "அக்கா, இதுக்கு எங்க விண்ணப்பிக்கிறது?" என்றுதான் தொடங்குகிறார்கள். விண்ணப்பம் கிடையாது. ஆனால் வழி இருக்கிறது. நான் சமுர்த்தி என்ற அரச வறுமை ஒழிப்புத் திட்டத்தின் உத்தியோகத்தராகத் தொடங்கி, இடையில் ஆய்வு உதவியாளராக இருந்து, இப்போது கொழும்பில் கூடும் குழுக்களில் கிழக்கு மாகாணத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். நேர்ப் பாதை இல்லைத்தான், ஆனாலும் இன்னொருவர் நடக்கக்கூடிய பாதை.

முதலில், ஏழைகளுக்கு அரசு கொடுக்கும் உதவித் திட்டங்களை எப்படித் திருத்துவது என்று அரசுக்குச் சொல்லும் இந்த ஆலோசகர் யார்? நான்கு வகையில் பார்க்கலாம். ஜனாதிபதியோ அமைச்சரோ தன் விருப்பப்படி நியமிப்பவர் ஒருவர், ஆட்சி மாறினால் அவர் வேலையும் போய்விடும். உலக வங்கி, யுனிசெப் போன்றவற்றின் திட்டங்களில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் வருபவர் இன்னொருவர். ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு அமைச்சு கூப்பிடும்போது போய்க் கருத்துச் சொல்பவர் மூன்றாமவர். நான்காமவர் அரச சேவைக்குள்ளேயே, திட்டமிடல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் உத்தியோகத்தர். அவரை யாரும் ஆலோசகர் என்று கூப்பிடுவதில்லை, ஆனால் அமைச்சரவைப் பத்திரத்தின் முதல் வரைபு பெரும்பாலும் இப்படிப்பட்டவரின் மேசையில்தான் எழுதப்படுகிறது. நான் எழுதுவது கடைசி இரண்டு வகைக்கு. முதல் இரண்டும் தானாக வந்தால் வரட்டும்.

முதல் படி: படலையைத் தாண்டி வீட்டுக்குள் போங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். 'பட்டினமும் சூழலும்' என்ற நகரப் பிரிவு ஒரு பக்கம், மகாவலி கடலில் கலக்கும் மூதூர், அதற்கும் தெற்கே வெருகல், மேற்கே கந்தளாய், கோமரங்கடவல. கரைவலை, நெல், தயிர், கூலி வேலை, வெளிநாட்டுக் காசு என்று ஒவ்வொரு பிரிவிலும் வறுமையின் முகம் வேறு வேறு. அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலையோ, சமுர்த்தி வேலையோ, ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பணியோ எது கிடைத்தாலும் எடுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்த கிராம உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டு, ஒரு வருடமாவது அவர் பின்னால் போய்ப் பாருங்கள்.

ஒரு வருடம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் கரையில் வாடைக்காற்று தொடங்கி, நவம்பர், டிசம்பரில் கடல் கொதிக்கும்போது சின்ன வள்ளக்காரர் வீட்டில் அடுப்பு எரிவதே கடன் கொப்பியை நம்பித்தான். அதே வீட்டுக்கு ஜூலையில் போனால் வாசலில் வலை காயும், சட்டியில் மீன் கொதிக்கும், பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு இருக்கும். போன மாத வருமானம் எவ்வளவு என்று ஜூலையில் கேட்டு எழுதிய படிவமும் டிசம்பரில் கேட்டு எழுதிய படிவமும் இரண்டு வேறு குடும்பங்களைக் காட்டும். கொழும்பில் அந்தப் படிவத்தை வடிவமைப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களை அந்த மேசைக்குக் கூப்பிடுவதற்குக் காரணமே அதுதான்.

சல்லிப் பக்கம் நான் கணக்கெடுக்கப் போன முதல் வருடம் நடந்த ஒன்று. சொத்து என்ற பகுதியில் வள்ளம் உண்டா, இல்லையா என்று ஒரு கேள்வி. முற்றத்தில் ஃபைபர் வள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது, அடியில் கையளவு வெடிப்பு, உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் 'உண்டு' என்று புள்ளடி போடப் போக, வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, உது ஓடாத வள்ளம். மனுசன் செத்து ஆறு வருசம். உதையும் எழுதப் போறியோ?" படிவத்தில் 'ஓடாத வள்ளம்' என்று எழுத இடமில்லை. மேலதிகாரியிடம் கேட்டேன், உள்ளதை உள்ளபடி போடச் சொன்னார். போட்டேன். அந்த வீடு உதவி பெறுவோர் பட்டியலில் வரவில்லை. அந்தப் புள்ளடியை நான் போட்டிருக்கக் கூடாது, குறைந்தது ஓரத்தில் ஒரு குறிப்பாவது எழுதி ஒப்பமிட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் எழுதத் தொடங்கினேன். அந்த ஓரக் குறிப்புகளைச் சேர்த்துத்தான் என் முதல் கொள்கைக் குறிப்பு வந்தது.

ஆகவே ஒரு கொப்பி வாங்குங்கள். படிவத்தில் அடங்காத ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதுங்கள். ஆட்களின் பெயரை எழுத வேண்டாம், அவர்களுடைய கஷ்டத்தை ஊர்க் கதையாக்க உங்களுக்கு உரிமையில்லை. பேமிட் (அரச அனுமதிப் பத்திரம்) இல்லாத காணி, சவூதியில் இருந்து காசு வருவது நின்றுபோன வீடு, விட்டுப்போன புருஷன் பெயரிலேயே இன்னும் குடும்ப அட்டை இருக்கிற பெண், ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு. 'குடும்பம்' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்பது கொப்பி நிறைந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாம் படி: பழைய கதையைப் படியுங்கள்

நலன்புரித் திட்டங்களின் வரலாறு தெரியாமல் சீர்திருத்தம் பேசினால், குழுவில் இருக்கும் வயதான செயலாளர் ஒருவர் ஒரே கேள்வியில் உங்களை இருத்திவிடுவார். குறைந்தது இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல் பங்கீட்டு அரிசி வந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தியபோது ஆகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் நின்றது, இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். இன்றைக்கும் மானியத்தில் கைவைக்க அரசியல்வாதி தயங்குகிறார் என்றால் அந்த நினைவும் ஒரு காரணம். 1979இல் பங்கீட்டுக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. இதை ஆழமாகப் படியுங்கள். முத்திரையின் பெறுமதி ரூபாயில் அப்படியே நின்றது, விலைவாசி ஏறிக்கொண்டே போனது. யாரும் மானியத்தை வெட்டியதாக அறிவிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே முத்திரைக்குக் குறைந்த அரிசிதான் கிடைத்தது. எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் 'விலை ஏறினால் கொடுப்பனவு ஏறுமா?' என்பதை முதல் கேள்வியாகக் கேட்கிற பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

1989இல் ஜனசவிய என்ற வறுமை ஒழிப்புத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு 24 மாதத்துக்கு மாதம் 2,500 ரூபாய் என்ற கணக்கு. 1995இல் சமுர்த்தி. 2013இல் அது திவிநெகும என்ற புதிய திணைக்களத்துக்குள் போய், பிறகு மறுபடியும் சமுர்த்தி ஆனது. 2023 ஜூலை முதல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு. இதன் சட்ட அடித்தளம் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம், அதாவது சட்டம் புத்தகத்தில் இருபது வருடம் தூங்கியது. பொருளாதார நெருக்கடியும் சர்வதேச நாணய நிதியத்தின் 2023 உடன்பாடும் வந்துதான் எழுப்பின. வரைபு எழுதியவுடன் எல்லாம் நடந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இருபது வருடத்தைத்தான் காட்டுவேன். நல்ல வரைபை எழுதி வையுங்கள். அதற்கான வாசல் எப்போது திறக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: கணக்கு

இதில்தான் எங்கள் ஆட்கள் பலர் பின்வாங்குகிறார்கள், கலைப்பிரிவில் படித்தவர்கள் முக்கியமாக. பயப்பட ஒன்றுமில்லை. தேவைப்படுவது பெருக்கல், வீதம், ஒரு அட்டவணையைப் பொறுமையாகப் படிக்கிற பழக்கம். எக்செல் நன்றாகப் பழகுங்கள். பிறகு ஸ்டேட்டாவோ ஆர் மென்பொருளோ ஒன்று, ஆர் இலவசம்.

அஸ்வெசும எப்படி ஆளைத் தெரிகிறது என்பதை எடுத்துப் பாருங்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்பத்தின் அமைப்பு என்று ஆறு பரிமாணங்களில் 22 குறிகாட்டிகள். வருமானச் சான்றிதழ் கேட்டுப் பயனில்லை, எங்கள் நாட்டில் பெரும்பகுதி வருமானம் கையில் வாங்குகிற கூலி. அதனால் வீட்டின் அறிகுறிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். அந்தப் புள்ளியை வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். தொடங்கியபோது இருந்த மாதத் தொகைகள், ரூபாயில்: நிலைமாறு நிலையில் உள்ளோருக்கு 2,500, பாதிப்புக்குள்ளாகக்கூடியோருக்கு 5,000, வறியோருக்கு 8,500, மிக வறியோருக்கு 15,000. பிறகு கடைசி இரண்டும் 10,000 என்றும் 17,500 என்றும் உயர்ந்தன.

இப்படிப்பட்ட எந்தப் புள்ளி முறையிலும் இரண்டு பிழை வரும். கிடைக்க வேண்டியவர் விடுபடுவது ஒன்று, தேவையில்லாதவர் உள்ளே வருவது மற்றது. எல்லையை இறுக்கினால் இரண்டாவது குறையும், முதலாவது கூடும். இளக்கினால் மறுபக்கம். இரண்டையும் ஒரேயடியாகக் குறைக்க வேண்டுமானால் அடிக்கடி போய்ப் பார்க்கவும் முறைப்பாட்டைக் கேட்கவும் ஆட்களும் காசும் வேண்டும். தேவையில்லாதவர் வாங்குவது ஊருக்குத் தெரியும், சந்தியில் கதைப்பார்கள், எம்பி வரைக்கும் போகும். விடுபட்டவர் வாய் திறக்கமாட்டார், சில வேளை அவருக்கு விடுபட்டதே தெரியாது. அதனால் அமைப்பு எப்போதும் முதல் பிழையைத்தான் மலிவாக நினைக்கும். அது மலிவில்லை என்று எண்ணோடு காட்டுவதுதான் உங்கள் வேலையின் நடுநாயகம். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அடுத்தது செலவு. ஒரு இலட்சம் குடும்பத்தைப் புதிதாகச் சேர்த்து மாதம் 5,000 கொடுத்தால் மாதத்துக்கு 50 கோடி, வருடத்துக்கு 600 கோடி, திறைசேரியின் பேச்சில் 6 பில்லியன். இதை மனதில் போட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். எங்கிருந்து அந்தக் காசு என்ற கேள்விக்கு ஒரு பதிலும் வைத்திருக்க வேண்டும்.

தரவு எங்கே? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்ட வாரியான வறுமைக் கோட்டை மாதாமாதம் வெளியிடுகிறது. அதன் குடும்ப வருமான செலவினக் கணக்கெடுப்பு 2019இல் நாட்டின் வறுமை வீதத்தை 14.3 என்று சொன்னது. நெருக்கடிக்குப் பிறகு 2023க்கான உலக வங்கி மதிப்பீடு அதை 25க்கு மேல் கொண்டுபோனது. ஆனால் கவனியுங்கள், அந்தக் கணக்கெடுப்பு மாவட்ட மட்டம் வரைக்கும்தான் பேசும். திருகோணமலைக்கு ஒரு எண் வரும், அதற்குள் பின்தங்கிய வெருகலும் பட்டினத்து உவர்மலையும் ஒன்றாய்க் கலந்திருக்கும். பிரதேச மட்டத் தரவு வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கேட்கும்போது ஆட்பெயர் வேண்டாம், பிரிவு வாரியாக எத்தனை விண்ணப்பம், எத்தனை நிராகரிப்பு, எத்தனை மேன்முறையீடு என்று எண்ணை மட்டும் கேளுங்கள், மறுக்கக் காரணம் கிடைக்காது.

நான்காம் படி: உள்ளே போவது

பட்டதாரி என்றால் இலங்கை நிர்வாக சேவை, இலங்கை திட்டமிடல் சேவை இரண்டின் திறந்த போட்டிப் பரீட்சைகளுக்கும் இருந்து பாருங்கள். வயதெல்லை இருக்கிறது, வர்த்தமானியைத் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அரச சேவையில் இருந்தால் மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை. சமூகப் பணியில் பட்டம் வேண்டுமென்றால் சீதுவையில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இருக்கிறது. ஆய்வுப் பக்கம் போக விரும்பினால் கொழும்பில் கொள்கை ஆய்வு நிலையம், வறுமை ஆராய்ச்சி நிலையம் போன்றவை. அங்கே கிழக்கைத் தெரிந்த, தமிழில் நேர்காணல் செய்யக்கூடிய ஆட்களுக்கு உண்மையாகவே தட்டுப்பாடு.

மொழி பற்றி ஒன்று. தமிழ் அரசகரும மொழிதான், சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் குழுக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையில் முடிவாகிற விஷயங்கள் சிங்களத்தில் முடிவாகின்றன, அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. மூன்றும் வேண்டும். நான் சிங்களம் படித்தது கந்தளாயில் வேலை செய்தபோது, வீடு வீடாகப் போய். வகுப்பில் அது வரவில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்ததே அதற்கு ஒரு வாய்ப்பு, மூன்று சமூகமும் ஒரே பஸ்ஸில் போகிற ஊர் இது. அதோடு தமிழ் வீட்டின் கஷ்டத்தை மட்டும் தெரிந்தவரை ஆலோசகர் என்று யாரும் மதிக்கப் போவதில்லை, மதிக்கவும் கூடாது. முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலும் சிங்களவர் வாழும் சேருவிலவிலும் விடுபட்டவர் உங்கள் கொப்பியில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்

என் முதல் அறிக்கை 64 பக்கம். அனுப்பிய அலுவலகத்தில் யாரும் அதைத் திறக்கவில்லை என்பது எட்டு மாதம் கழித்து, அதே உறை அதே மேசையில் ஒட்டியபடி கிடந்ததைக் கண்டபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு இரவு ரயிலில் திருகோணமலைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அழுகைதான். பிறகு அதை இரண்டு பக்கமாகச் சுருக்கினேன், அது வாசிக்கப்பட்டது.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? மேலே ஒரே வரியில் நீங்கள் கேட்கிற மாற்றம். அதன் கீழ் ஒரு வீட்டின் கதை, ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். அப்புறம் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்ற எண், எண் எங்கிருந்து வந்தது என்ற விவரம். செலவு. எந்தச் சட்டப் பிரிவையோ சுற்றறிக்கையையோ மாற்ற வேண்டும் என்பது. கடைசியாக, மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும். 'அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினால் யாரும் எடுக்கமாட்டார்கள். 'பருவத் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு வருமானக் கேள்வியை 12 மாதச் சராசரியாகக் கேட்கும்படி படிவத்தை மாற்றலாம்' என்று எழுதினால், ஒருவர் பேனாவை எடுத்து அந்தக் கேள்வியை மாற்ற முடியும்.

யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். சமூக சேவைகள் மாகாண விஷயம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்ததிலிருந்து ஆளுநர், பிரதம செயலாளர், மாகாண அமைச்சின் செயலாளர் என்ற வரிசைதான், அவர்களும் இங்கே திருகோணமலையில்தான் இருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். ஆதரவற்றோருக்கான பொதுசன உதவிக் கொடுப்பனவு இந்த மாகாணப் பக்கம். (ஊரில் அதைப் 'பிச்சைச் சம்பளம்' என்கிறார்கள். உங்கள் வாயில் அந்தச் சொல் வர வேண்டாம், வாங்குகிற கிழவிக்கு அது எப்படிக் குத்துகிறது என்று நேரில் பார்த்திருக்கிறேன்.) அஸ்வெசும மத்திய அரசின் நலன்புரி நன்மைகள் சபைக்குக் கீழ் வருகிறது. அதன் தொகை, தகுதி பற்றிய மாற்றம் என்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும், அதுவும் வரவு செலவுத் திட்டம் எழுதப்படுவதற்கு முன்னால். நவம்பரில் வாசிக்கப்படும் திட்டத்துக்கு அக்டோபரில் கடிதம் போட்டுப் பயனில்லை, அமைச்சுகள் கணக்கை அதற்குப் பல மாதம் முன்பே கொடுத்துவிடும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தையும் விடாதீர்கள், அங்கே ஒரு கேள்வி பதிவானால் அது கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், ஆவணமாகிவிடும்.

வெளிநாட்டில் இந்த வேலையைச் செய்தவர்களையும் படியுங்கள். பிரித்தானியாவில் டேவிட் ஃபிராய்ட் என்ற வங்கியாளர் 2007இல் தொழிற்கட்சி அரசுக்கு நலன்புரி அறிக்கை எழுதி, 2010க்குப் பிறகு பழமைவாதக் கட்சி தலைமையிலான அரசில் அமைச்சரானார். அவர் காலத்தில் 2013இல் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட் என்ற ஒருங்கிணைந்த நலன்புரித் திட்டத்தில் முதல் கொடுப்பனவு கைக்கு வர ஆறு கிழமை அளவு எடுத்தது, 2018இல்தான் அதை ஐந்தாக்கினார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது சின்ன விஷயம், நாட்கூலிக்காரருக்கு அது வீட்டு வாடகை. மெக்சிகோவில் நிதி அமைச்சில் இருந்த சந்தியாகோ லெவி 1997இல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குக் காசு கொடுக்கும் புரோகிரெசா திட்டத்தைத் தொடங்கும்போதே 506 கிராமங்களை எடுத்து, சிலவற்றில் முதலிலும் சிலவற்றில் பிந்தியும் கொடுத்து வித்தியாசத்தை அளக்க ஏற்பாடு செய்தார். ஆட்சி மாறிய பிறகும் அந்தத் திட்டம் தப்பியதில் அந்த அளவீட்டுக்குப் பெரிய பங்குண்டு. இந்தியாவில் ஜான் டிரேஸ், 2005 வேலை உறுதிச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர், பொருளியல் பேராசிரியராக இருந்தும் கிராமம் கிராமமாக நடந்து கணக்கெடுப்பவர். எனக்கு மூவரில் யாரைப் பிடிக்கும் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சிக்கல்களும் உண்டு. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி போன் வரும், உறவுக்காரரே கேட்பார்கள். முதல் தடவையே 'மேன்முறையீட்டுப் படிவம் நான் நிரப்பித் தாறன், பட்டியலில் கைவைக்கமாட்டன்' என்று சொல்லிவிடுங்கள், இரண்டு பேர் கோபிப்பார்கள், பிறகு கேட்கமாட்டார்கள். ஒப்பந்த வேலையில் சம்பளம் நல்லது, ஆனால் நீங்கள் எழுதியதைத் திட்டக்காரர் மென்மையாக்கச் சொல்வார்கள். சொற்களை மாற்றலாம், எண்ணை மாற்றக் கூடாது.

சரி, இன்றைக்கே தொடங்க வேண்டுமென்றால்: நாளைக் காலை உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பொதுமக்கள் தினமாக இருந்தால் நல்லது, எந்த நாள் என்று வாசல் பலகையில் இருக்கும். எட்டரைக்கு முன்னால் போய், வாங்கில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். கண்ணாடியில்லாமல் எழுத்துத் தெரியாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். நீலப் பேனை இரண்டு, கொப்பி, தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். நிரப்பி முடிந்ததும், எத்தனையாவது தடவையாக வருகிறீர்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கொப்பியில் முதல் வரியாக எழுதுங்கள்.